பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஏசி: கம்ப்ரெசரில் எதை மாற்றுவது, எப்போது மாற்றுவது

கூலிங் குறைந்ததும் "கம்ப்ரெசர் போச்சு" என்று சொல்லிவிடுவது எளிது. பழைய காரில் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். நாம் கம்ப்ரெசர் என்று சொல்வதில் உண்மையில் இரண்டு பகுதிகள் உண்டு. முன்னால் தெரியும் கிளட்ச் தட்டு, புல்லி, பேரிங், காந்தக் காயில் எல்லாம் ஒரு பகுதி. இவற்றை மாற்ற, உள்ளே ஓடும் குளிரூட்டும் கேஸைத் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் பிஸ்டன், வால்வ் தகடு, ஷாஃப்ட் சீல் இன்னொரு பகுதி. அதில் கை வைத்தால் கேஸ் முழுவதையும் மெஷினில் எடுத்து, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றி, பம்பால் காற்றை இழுத்து வேக்யூம் போட்டு, திரும்ப நிரப்பியாக வேண்டும். கோளாறு எந்தப் பகுதியில் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய கார்களில் அது வெளிப்பகுதியிலேயே இருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்யுங்கள்: காரில் இருப்பது எந்தக் கேஸ்? 1990-களின் தொடக்கம் வரை வந்த கார்கள் ஆர்12 கேஸுக்காகச் செய்யப்பட்டவை. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. கார் கம்பெனிகள் அதற்கு முன்பே ஒவ்வொன்றாக ஆர்134ஏவுக்கு மாறிவிட்டன. பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம், இடையில் யாராவது கேஸை மாற்றியிருக்கலாம். சர்வீஸ் போர்ட்டைப் பாருங்கள். மரை போட்டுத் திருகும் சிறிய வாய் என்றால் ஆர்12. அழுத்தினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும், 13 மி.மீ., 16 மி.மீ. என்று இரண்டு அளவில் இருக்கும் வாய் என்றால் ஆர்134ஏ. பழைய மரைக்கு மேல் அடாப்டர் திருகியிருந்தால் கார் மாற்றப்பட்டது என்று அர்த்தம். அப்போது ஸ்டிக்கரில் உள்ள எண்ணெய் வகை, கேஸ் எடை இரண்டும் இனிப் பொருந்தாது.

கேஸ் பைப்பைக் கழற்றும் எந்த வேலையிலும் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். திரவமாக வெளியே பீய்ச்சும் கேஸ் தோலை நொடியில் உறைய வைத்துவிடும். காற்றில் திறந்துவிடுவதும் கூடாது, அது பல நாடுகளில் சட்ட விரோதம்.

கிளட்ச் ஒட்டவே இல்லை

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். கம்ப்ரெசரின் முன்முகத்தில் உள்ள தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். புல்லி மட்டும் சுற்றி, தட்டு அசையாமல் நின்றால் கிளட்ச் ஒட்டவில்லை.

முதலில் பிரஷர் கேஜை மாட்டி, எஞ்சின் நின்றிருக்கும்போதே அழுத்தத்தைப் பாருங்கள். ஆர்134ஏ இருந்தால் 20 டிகிரியில் சுமார் 4.7 பார், 30 டிகிரியில் சுமார் 6.7 பார் காட்டும். இந்த அளவு வந்தால் உள்ளே கொஞ்சமாவது திரவக் கேஸ் இருக்கிறது என்று தெரியும். எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த அளவு சொல்லாது. கால்வாசி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் ஒரே அளவுதான். ஒன்று இரண்டு பாருக்குக் கீழே இருந்தால் கிளட்ச் மேல் தப்பில்லை, லோ பிரஷர் சுவிட்ச்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. நேராகக் கீழே "கேஸ் நிற்கவில்லை" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால் காந்தக் காயிலின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். ஏசி போட்டதும் 12 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கூலிங் காயிலில் (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர வைப்பது) உள்ள தெர்மோஸ்டாட், ஏசி பட்டன் என்று பின்னோக்கிப் போக வேண்டியதுதான். ரிலேயைப் பக்கத்தில் உள்ள அதே மாதிரி ரிலேயோடு இடம் மாற்றிப் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரஷர் சுவிட்சை இரண்டு வயரையும் இணைத்துச் சோதிப்பது வழக்கம். கேஸ் இருக்கிறது என்று தெரிந்த பிறகு மட்டும், சில நொடிகளுக்கு மட்டும் செய்யுங்கள். கேஸ் இல்லாத கம்ப்ரெசருக்கு எண்ணெயும் போய்ச் சேராது, ஏனென்றால் எண்ணெயைச் சுமந்து வருவதே கேஸ்தான்.

வோல்ட் வருகிறது, கிளட்ச் ஒட்டவில்லை என்றால் காயிலின் மின்தடையை அளங்கள். 3 முதல் 5 ஓம் வரை சரி. மீட்டர் எதையும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. சில காயில்களுக்குள் வெப்ப ஃபியூஸ் ஒன்று புதைந்திருக்கும். கிளட்ச் வழுக்கிச் சூடானால் அது எரிந்துவிடும். அப்படி எரிந்த இடத்தில் காயிலை மட்டும் மாற்றினால் புதுக் காயிலும் அதே வழியில் போகும், எனவே தட்டின் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கொஞ்ச நேரம் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் வெப்பக் காற்று

பழைய காரில் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் அறிகுறி இது. காலையில் கூலிங் பிரமாதம், எஞ்சின் நன்றாகச் சூடானதும் போய்விடும், காரை நிறுத்தி ஆறவிட்டால் திரும்ப வரும். இதற்குக் கம்ப்ரெசரையே மாற்றிவிட்டவர்கள் நிறைய பேர்.

கூலிங் போகும் அந்த நேரத்தில் பானெட்டைத் திறந்து கிளட்ச் தட்டைப் பாருங்கள். இந்த ஒரு பார்வை போதும், வழி பிரிந்துவிடும்.

தட்டு சுற்றாமல் நிற்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி தேய்ந்து அகலமாகியிருக்கும். காந்தத்தால் அவ்வளவு தூரம் இழுக்க முடியவில்லை. குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஏன் வேலை செய்கிறது? செம்புக் கம்பியின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். 25 டிகிரியில் 3.6 ஓம் இருந்த காயில், 105 டிகிரியில் 4.7 ஓம் அருகே போய்விடும். 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் ஓடிய இடத்தில் இப்போது இரண்டரை ஆம்பியர்தான் ஓடும், காந்தமும் அந்த அளவுக்கு வலுவிழக்கும். எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில், காற்றுப் புகாத சின்ன எஞ்சின் அறைக்குள் கம்ப்ரெசரைத் திணித்திருக்கும் ஸ்போர்ட்ஸ் காரில் 105 டிகிரி பெரிய விஷயமில்லை.

ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். டென்சோ வகைக் கம்ப்ரெசர்களில் 0.35 முதல் 0.65 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஒரு மி.மீ. பக்கம் போயிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்தால், ஷாஃப்ட்டின் மேலோ தட்டின் உள்பக்கமோ மெல்லிய ஷிம் வாஷர்கள் ஒட்டியிருக்கும். தேவையான கனத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் இடைவெளி குறையும். கேஸை விடாமல், ஒரு மதியத்துக்குள் முடியும் வேலை. ஷிம்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு எங்கேயாவது விழுந்து தொலையும் அளவுக்குச் சின்னவை. கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிட்டுக் கழற்றுங்கள். இடைவெளியைத் தேவைக்கு மேல் குறைத்துவிடாதீர்கள். ஏசி ஆஃபில் தட்டு உரசிக்கொண்டே இருந்தால் அந்தச் சூட்டில் பேரிங் போகும்.

இடைவெளி சரியாக இருந்தும் சூட்டில் கிளட்ச் விட்டுவிட்டால், காயில் கனெக்டரைக் கழற்றாமல், மாட்டியபடியே வோல்ட்டை அளங்கள். முப்பது வருடப் பழைய வயரிங், துருப்பிடித்த எர்த், கருகிய ரிலே முனை எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு வோல்ட்டைத் தின்றுவிடும். மீட்டரைக் கழற்றிய கனெக்டரில் வைத்தால் இது தெரியாது, லோடு இருக்கும்போதுதான் தெரியும்.

தட்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, கூலிங் மட்டும் போகிறது என்றால் கதை வேறு. லோ பக்கக் கேஜ் (கம்ப்ரெசருக்குள் கேஸ் வரும் பக்கம்; வெளியே தள்ளும் பக்கம் ஹை) வேக்யூமை நோக்கி இறங்கினால், உள்ளே இருக்கும் ஈரம், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கிறது. கொஞ்ச நேரம் ஆஃப் செய்தால் உருகி வழிவிடும். அதற்கு மருந்து புது ட்ரையரும் நீண்ட வேக்யூமும். டேஷ்போர்டு வழியாக வரும் காற்றின் வேகமே குறைந்துகொண்டு போனால், கூலிங் காயில் வெளிப்பக்கம் பனி பிடிக்கிறது. அதற்குத் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்.

ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபோது மட்டும் கிளட்ச் சில நொடிகள் விடுபட்டுத் திரும்ப ஒட்டினால் அது கோளாறே இல்லை. எஞ்சினின் முழு பலத்தையும் சக்கரத்துக்குக் கொடுக்க அப்படித்தான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள்.

சத்தம் வருகிறது

ஏசி ஆஃபில் இரையும் சத்தம் கேட்டு, ஏசி போட்டதும் குறைந்தால் அது புல்லி பேரிங். ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் பேரிங் மேல்தான் புல்லி சுற்றுகிறது. ஏசி போட்டதும் பேரிங் மேல் விழும் பளு மாறுவதால் சத்தமும் மாறும். இதற்கு நேர்மாறாக, ஏசி போட்டால் மட்டும் தட்டும் சத்தம் வந்தால் உள்பகுதி, அல்லது தளர்ந்த மவுண்டிங் போல்ட். போல்ட்டை முதலில் பாருங்கள், அதற்குக் காசு ஆகாது.

பேரிங் மாற்றக் கிளட்ச் தட்டு, சர்கிளிப் (புல்லியைப் பிடித்திருக்கும் பூட்டு வளையம்), புல்லி என்ற வரிசையில் கழற்ற வேண்டும். தட்டை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் வளைந்துவிடும். அதன் மையத்தில் மரை இருக்கும், அதில் பொருந்தும் போல்ட்டைத் திருகினால் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். புதுப் பேரிங்கைப் புல்லிக்குள் அழுத்தும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். அந்தப் புல்லியைக் கம்ப்ரெசரின் மூக்கில் ஏற்றும்போது உள் வளையத்தில். இது மாறினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டு, புதுப் பேரிங் ஒரு மாதத்தில் இரைய ஆரம்பிக்கும். சர்கிளிப்பின் சாய்வான ஓரம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். காயிலையும் கழற்றியிருந்தால், அதன் பின்னால் உள்ள சின்ன ஊசி குழியில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். உட்காராவிட்டால் காயில் சாய்ந்து புல்லியில் உரசும். கடைசியில் நடு போல்ட்: அது பெரும்பாலும் மெல்லியது, டார்க் ரெஞ்சு இல்லாமல் இறுக்கினால் ஷாஃப்ட்டுக்குள்ளேயே முறியும். முடித்த பிறகு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும்.

கிளட்ச் ஒட்டுகிறது, கூலிங் இல்லை

இங்கே கேஜ்தான் பேச வேண்டும். எஞ்சின் 1500 ஆர்பிஎம், ப்ளோயர் முழு வேகம், வெளியே 30 டிகிரி பக்கம் என்றால் ஆர்134ஏவுக்கு லோ பக்கம் 1.5 முதல் 2.5 பார், ஹை பக்கம் 13 முதல் 17 பார் வரை இருக்க வேண்டும்.

இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்றோட்டம் இல்லை. லோ பக்கம் வேக்யூமில், ஹை பக்கமும் குறைவு என்றால் வழியில் அடைப்பு. ட்ரையருக்கு இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள், வெளியே போகும் பைப் மட்டும் சில்லென்று இருந்தால் அடைப்பு அங்கேதான்.

லோ பக்கம் 4 பாருக்கு மேல், ஹை பக்கம் 7 முதல் 10 பார், இரண்டும் கிட்டத்தட்ட சேர்ந்து நிற்கிறது என்றால்தான் கம்ப்ரெசர் உண்மையிலேயே தள்ளவில்லை. உள்ளே வால்வ் தகடு உடைந்திருக்கலாம், தலைப்பகுதி கேஸ்கெட் போயிருக்கலாம். எஞ்சினை நிறுத்தியவுடன் இரண்டு முள்ளும் நொடியில் சமமானால் இந்தச் சந்தேகம் வலுக்கும். வால்வ் தகடு செட் தனியாகக் கிடைக்கும் மாடல் என்றால் மாற்றலாம். ஆனால் உடைந்த தகட்டின் துண்டு எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் முழுக் கம்ப்ரெசரையும் மாற்றுவதே என் தேர்வு.

ஓடும்போது குளிர், நின்றால் சூடு

கம்ப்ரெசரைத் தொடாதீர்கள். கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா, சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். தாழ்ந்த மூக்குள்ள கார்கள் பலவும் காற்றைக் கீழிருந்துதான் இழுக்கின்றன. கார்வெட் சி4 இதற்குப் பேர் போனது. கீழே தொங்கும் ரப்பர் தடுப்பு கிழிந்து போயிருந்தாலோ, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இலையும் தூசும் மெத்தையாகப் படிந்திருந்தாலோ காற்று உள்ளே வராது. ஆர்12-க்காகச் செய்த கண்டென்சரில் ஆர்134ஏ ஓட்டினால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் சூட்டில் ஆர்134ஏவின் அழுத்தம் அதிகமாக ஏறும்.

கேஸ் நிற்கவில்லை

எண்ணெய் எங்கே தெரிகிறதோ அங்கே லீக். கிளட்ச் தட்டைச் சுற்றியும், அதற்கு நேராக பானெட்டின் அடிப்பக்கத்திலும் எண்ணெய்த் தெறிப்பு வரிவரியாக இருந்தால் ஷாஃப்ட் சீல். உடலின் நடுவில் ஈரம் என்றால் உடல் ஓ-ரிங்குகள். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த ஹாரிசன் ஆர்4 கம்ப்ரெசர் இந்த இரண்டாவது வகை லீக்குக்குப் பெயர் பெற்றது. அதற்குப் போய் ஷாஃப்ட் சீல் மாற்றிப் பயனில்லை.

மாதக் கணக்கில் ஷெட்டில் நிற்கும் காரில் ஷாஃப்ட் சீல் எண்ணெய் இல்லாமல் காய்ந்து, லீக் ஆக ஆரம்பிக்கும். சீலை மாற்றும்போது ஷாஃப்ட்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது. ஷாஃப்ட்டின் பல் முனையில் சீலின் உதடு கிழியாமல் இருக்க, மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போட்டு, எண்ணெய் தடவித் தள்ளுங்கள்.

காற்றால் குளிரும் பழைய போர்ஷே 911 மாதிரி கார்களில் இன்னொரு சிக்கல். எஞ்சினும் கம்ப்ரெசரும் பின்னால். ஒரு கண்டென்சர் எஞ்சின் மூடியில், இன்னொன்று முன்னால். இடையில் காரின் முழு நீளத்துக்கு ஹோஸ். பழைய வகை ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே கேஸ் மெல்லக் கசியும். எந்த ஜாயிண்ட்டிலும் எண்ணெய் தெரியாமல் வருடா வருடம் கேஸ் குறைந்தால், உள்ளே தடுப்பு அடுக்கு வைத்த புது ஹோஸ் போடுவதுதான் வழி.

லீக் தேட ஏர் கம்ப்ரெசரால் காற்றடிக்காதீர்கள். அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர்134ஏ தீப்பிடிக்கக்கூடியது, போதாததற்கு ஈரமும் உள்ளே போகும். நைட்ரஜன் போடுங்கள். கேனில் வரும் லீக் அடைக்கும் மருந்தை என் காரில் விடமாட்டேன். அது எக்ஸ்பான்ஷன் வால்வையும், அடுத்து கேஸ் எடுக்கும் மெஷினையும் சேர்த்து அடைக்கும்.

கம்ப்ரெசர் இறுகிவிட்டது

பெல்ட் கிறீச்சிட்டுப் புகைந்தால் எஞ்சினை நிறுத்தி, கிளட்ச் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சீரான எதிர்ப்போடு சுற்ற வேண்டும். மணல் போல நறநறத்தாலோ, அசையாவிட்டாலோ முடிந்தது. கழற்றிய வாயில் விரலை விட்டுப் பாருங்கள். கருப்புப் பசையோ, மினுக்கும் அலுமினியத் தூளோ வந்தால் அது பைப் முழுவதும் பரவியிருக்கிறது. புதுக் கம்ப்ரெசர்கள் சீக்கிரம் சாவதற்குப் பழைய குப்பையே பெரிய காரணம். ஹோஸையும் கூலிங் காயிலையும் அதற்கான திரவத்தால் கழுவி நைட்ரஜனால் ஊதலாம். மெல்லிய குழாய்கள் பல பக்கத்தில் பக்கத்தில் ஓடும் புது வகைக் கண்டென்சரைக் கழுவி எடுக்க முடியாது, மாற்ற வேண்டும். ட்ரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும் புதிதுதான்.

புதுக் கம்ப்ரெசரை மாட்டும்போது

பழைய கம்ப்ரெசரில் இருந்த எண்ணெயை அளவுக் குவளையில் வடித்து அளங்கள். புதியதோடு வந்த எண்ணெயையும் வடித்து, பழையதில் வந்த அளவை விடுங்கள். ட்ரையரையும் மாற்றினால் மேனுவல் சொல்லும் அளவு கூடுதல். பைப்பையெல்லாம் கழுவியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, மேனுவலில் உள்ள மொத்த அளவைப் போட வேண்டும். 1970-களின் சில 911-களில் வந்த யார்க் கம்ப்ரெசருக்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. அதைக் குச்சி விட்டு அளக்க வேண்டும். ஆர்12-க்கு மினரல் எண்ணெய், ஆர்134ஏவுக்குப் பிஏஜி என்ற செயற்கை எண்ணெய். மாற்றிய காரில் பழைய எண்ணெய் மிச்சமிருக்கும் என்றால் எஸ்டர் எண்ணெய் பாதுகாப்பானது. பிஏஜி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். ஓ-ரிங் எல்லாம் ஹெச்என்பிஆர் என்ற ரப்பர் வகையில் புதிதாக, எண்ணெய் தடவிப் போடுங்கள்.

ட்ரையரின் மூடியைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும். மாட்டியவுடன் வேக்யூம் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், 500 மைக்ரான் வரை இறங்கட்டும். உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெளியேறத்தான் இது: 25 டிகிரியில் தண்ணீர் கொதிக்க 32 மில்லிபாருக்குக் கீழே போக வேண்டும். 500 மைக்ரான் என்பது ஒரு மில்லிபாருக்கும் குறைவு. பம்பை மூடி அரை மணி நேரம் கழித்து முள் ஏறியிருந்தால் லீக் இன்னும் இருக்கிறது.

கேஸை எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். ஆர்12 காரில் ஆர்134ஏ போட்டால் பழைய எடையில் 75 முதல் 85 சதவீதம். 900 கிராம் பிடித்த காருக்கு 675 முதல் 765 கிராம். குறைவாகத் தொடங்கிக் கேஜைப் பார்த்துக் கூட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹை பக்க வால்வைத் திறக்கவே கூடாது, அந்த அழுத்தம் திரும்பிக் கேனை வெடிக்க வைக்கும். முதல் முறை ஏசி போடும் முன் கிளட்ச் தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றுங்கள். உள்ளே தேங்கிய எண்ணெய் வெளியேறிவிடும். இல்லாவிட்டால் பிஸ்டன் அந்தத் திரவத்தில் மோதி, புது வால்வ் தகடு முதல் நொடியிலேயே உடையலாம். ஐடிலில் சில நிமிடம் ஓடட்டும், ஆர்பிஎம்மை உடனே ஏற்ற வேண்டாம். இரண்டு வாரம் ஓட்டிய பிறகு கிளட்ச் இடைவெளியையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் இன்னொரு தடவை அளந்து பாருங்கள், புதுத் தட்டும் புது பெல்ட்டும் அதற்குள் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.